நேர்வாளமும் எலித்தோலும்: வாசகர் கேள்வி – பதில்

தோல் புற்றுநோய் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவை. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். ஆட்பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர்களை மட்டும் விட்டிருக்கிறோம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ஈரல், சுவாசப்பை, மார்பு என்று ஆளைக் கொல்லும் புற்றுநோய்கள் எத்தனையோ இருக்கின்றன. கட்டி எப்படி உருவாகிறது என்று ஆராய்பவர்கள் ஏன் தோலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?
– மாணவர், திருகோணமலை நகர்

கண்ணுக்குத் தெரிகிறதே, அதனால்தான். ஈரலில் ஒரு சென்ரிமீற்றர் கட்டியை ஸ்கானில் கண்டுபிடிக்கும்போது அதற்குள் பத்துக் கோடிக்குக் குறையாத கலங்கள் இருக்கும். அதற்கு முன் நடந்ததெல்லாம் ஊகம். தோலில் அப்படியில்லை. முதல் தடிப்பு தோன்றிய கிழமையே பார்க்கலாம், தொடலாம், உங்கள் ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் அளக்கலாம், ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்து மீதியை வளரவும் விடலாம்.

புற்றுநோய்க்கு வெளிக்காரணம் உண்டு என்பதே முதலில் தோலில்தான் பிடிபட்டது. இலண்டனில் புகைக்கூண்டு துப்புரவு செய்த சிறுவர்களுக்குப் பின்னாளில் விதைப்பைத் தோலில் புற்று வருவதை 1775இல் பேர்சிவல் பொட் எழுதிவைத்தார். தோல்மடிப்புக்குள் தங்கிய புகைக்கரிதான் காரணம் என்றார். 1915இல் யப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் விடாமல் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். அன்றிலிருந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கட்டியை வரவழைத்துப் படிக்க முடிந்தது.

உங்களுக்கு ஒரு புதிர். மேற்றோலின் அடியடுக்கில் பிறக்கும் கலம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலே வந்து செதிலாக உதிர்ந்துவிடும். அப்படியானால் சிறுவயதில் பட்ட கரி நாற்பது வயதில் எப்படிப் புற்றாகிறது? விடை அடுத்த பதிலில் இருக்கிறது.

புற்றுநோய் ஆய்வில் நேர்வாள எண்ணெயைப் பயன்படுத்துகிறார்களாமே? பேதி மருந்து விதையென்று நாங்கள் படிக்கும் அதே நேர்வாளமா? அப்படியென்றால் அது புற்றுநோயை உண்டாக்குமா?
– சித்த மருத்துவ மாணவி, கோணேசபுரி

அதே நேர்வாளம்தான். பூசினால் தோல் சிவந்து கொப்புளிக்கும் அதன் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குணத்தைத்தான் 1941இல் ஐசாக் பெரன்புளும் என்ற ஆய்வாளர் எலித்தோலில் பயன்படுத்தினார். கட்டி உருவாவது ஒரே அடியில் நடக்கும் காரியமல்ல என்று காட்டிய சோதனை அது. இன்றும் பல ஆய்வுகூடங்களில் கொஞ்சம் திருத்திச் செய்துவருகிறார்கள். கச்சா எண்ணெய்க்குப் பதில், 1960களில் அதிலிருந்து பிரித்தெடுத்த டிபிஏ என்ற சேர்வையைப் பூசுகிறார்கள்.

ஏழெட்டு வாரம் ஆன சுண்டெலியின் முதுகு மயிரைச் சிரைக்க வேண்டும். மறுபடி மயிர் முளைத்துவந்தால் அந்த எலி ஆகாது. மயிர் வளராமல் ஓய்ந்திருக்கும் பருவம்தான் வேண்டும். இரண்டு நாள் கழித்து டிஎம்பிஏ என்ற தார்க்குடும்பச் சேர்வையை 200 மைக்கிரோலீற்றர் அசற்றோனில் கரைத்து ஒரே ஒரு முறை பூசுவார்கள். அளவு 25 மைக்கிரோகிராம், உப்புக்கல்லொன்றை விடக் குறைவு. ஒன்றிரண்டு வாரம் விட்டு, டிபிஏயை வாரம் இரண்டு முறை, பதினைந்து இருபது வாரம் பூசுவார்கள். எட்டுப் பத்து வாரத்தில் உண்ணி போன்ற சதைமுளைகள் கிளம்பும். ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்டவற்றை மட்டும் கிழமைக்கொரு தடவை எண்ணிப் பதிவார்கள்.

இனி வரிசையை மாற்றிப் பாருங்கள். டிஎம்பிஏயை மட்டும் அந்தச் சிறு அளவில் பூசினால் முளை வராது. நேர்வாளச் சேர்வையை மட்டும் பூசினால் தோல் தடிக்கும், சிவக்கும், நிறுத்தினால் பழையபடியாகும். முளையென்று சொல்ல ஏதும் இராது. முதலில் நேர்வாளம், பிறகு டிஎம்பிஏ என்று புரட்டினாலும் இல்லை. முதலில் டிஎம்பிஏ, பிறகு நேர்வாளம் என்றால் மட்டும் முதுகு நிறைய முளை. இன்னும் ஒன்று: டிஎம்பிஏ பூசிவிட்டு மாதக்கணக்கில் சும்மா விட்டு, அதன்பின் நேர்வாளத்தைத் தொடங்கினாலும் முளை வருகிறது.

இந்தக் கடைசிச் செய்திதான் மாணவரின் புதிருக்கு விடை. மாதக்கணக்கில் எத்தனையோ முறை தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்பட்டிருக்கும். இருந்தும் முதல் மாற்றம் போகவில்லை என்றால், அது உதிரும் கலத்தில் இல்லை. அடியடுக்கிலும் மயிர்க்கால்களிலும் இருந்துகொண்டு மற்றக் கலங்களைப் பெற்றுத்தரும் மூலக் கலத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் அந்த மாற்றத்தை எழுத்தெழுத்தாகவே படித்தார்கள். முளைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கலம் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் எச்-ராஸ் என்ற ஜீனின் 61ஆவது இடத்தில் சிஏஏ என்றிருக்க வேண்டியது சிடிஏ ஆகியிருந்தது. ஒரே எழுத்து. நேர்வாளம் ஜீனைத் தொடுவதில்லை. கலம் பெருகக் கட்டளையிடும் நொதியம் ஒன்றைத் தூண்டி, அழற்சியையும் கூட்டி, மாறிப்போன அந்தக் கலத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. வந்த முளைகளிலும் பல பூச்சை நிறுத்தினால் சுருங்கிவிடும். சிலவே பல வாரங்கள் கழித்து உண்மையான புற்றாகின்றன.

சோதனை கெட்டுப்போகும் வழிகளையும் சொல்ல வேண்டும். பிளக் சிக்ஸ் என்ற கறுப்பு எலி இனத்தில் முளை இலேசில் வராது, எப்விபி இனத்தில் எளிதில் வரும். இனத்தைக் கவனிக்காமல் இரு ஆய்வுகளை ஒப்பிட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும். போத்தலைத் திறந்துவைத்தால் அசற்றோன் ஆவியாகிக் கரைசல் தடித்துவிடும், கடைசி எலிக்கு முதல் எலியை விடக் கூடிய அளவு போய்ச்சேரும். ஆண் எலிகளை ஒரே கூட்டில் விட்டால் கடித்துக்கொள்ளும். கடிபட்ட காயமே நேர்வாளத்தின் வேலையைச் செய்துவிடும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: சுத்தி செய்து அளவோடு உள்ளே கொடுப்பதைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. தோலில் மாதக்கணக்கில் தேய்க்கும் தைலமாக மட்டும் அதை எவருக்கும் கொடுக்காதீர்கள். புற்றுவரை போக வேண்டியதில்லை, புண்ணே போதும் காரணம்.

மகளுக்கு முதுகில் நிறைய மச்சம். மச்சத்துக்குள்ளேயே புற்றுநோய் ஜீன் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடலாமா?
– தாய், கிண்ணியா

வேண்டாம். வீடியோவில் சொன்னது பாதி உண்மை, அதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் கலங்களில் வரும் புற்று. அவற்றில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் என்ற ஜீன் மாறியிருப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். அடுத்து எவருக்கும் தீங்கு செய்யாத சாதாரண மச்சங்களைச் சோதித்தால், அவற்றிலும் பெரும்பாலானவற்றில் அதே மாற்றம் இருந்தது. அந்தக் கலம் பெருகத்தான் செய்கிறது. மகளின் மச்சம் மூன்று நான்கு மில்லிமீற்றர் வந்தது அப்படித்தான். ஆனால் ஒரு கட்டத்தில் கலத்தின் சொந்தக் கடிவாளம் இறுகி, பெருக்கம் நின்றுவிடுகிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை, இருபது முப்பது வருடம் அப்படியே இருக்கும். 2005இல் இதை விளக்கிய பிறகு, கட்டியைத் தொடக்குவது எது என்பதோடு, தொடங்கியதை நிறுத்தி வைத்திருப்பது எது என்றும் ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். நிறுத்தி வைத்திருக்கும் அந்தக் கடிவாளமும் அறுந்தால்தான் மெலனோமா.

மச்சமே இல்லாத தோலிலும் இந்தக் கதை உண்டு. 2015இல் பிரித்தானிய ஆய்வாளர்கள், சத்திரசிகிச்சையில் வெட்டப்பட்ட கண்ணிமைத் தோலை நான்கு பேரிடமிருந்து பெற்று, 234 சிறு துண்டுகளாக்கிப் படித்தார்கள். பார்வைக்குக் குறையே இல்லாத அந்தத் தோலில் காற்பங்கு அளவான கலங்கள் புற்றோடு தொடர்புள்ள ஏதோ ஒரு விகாரத்தைச் சுமந்திருந்தன. ஆகவே ஜீன் மாறியிருக்கிறது என்பதும் புற்று இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

நீங்கள் செய்யக்கூடியது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து. வயது வரும்போது எல்லா மச்சமும் சேர்ந்து கொஞ்சம் கறுப்பது இயல்பு. ஒன்று மட்டும் தனியாக மாறினால், மற்றவற்றோடு சேராத நிறத்தில் இருந்தால், ஓரம் கிழிந்த கடதாசி போலானால், ஆறு மில்லிமீற்றரைத் தாண்டினால், அந்த ஒன்றைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

உப்பளத்தில் வேலை. காலை முதல் வெயில். எங்கள் கறுத்தத் தோலுக்குப் புற்று வராது என்கிறார்களே? அம்மாவின் உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அவர் வெயிலில் வேலை செய்தவரும் அல்ல.
– தொழிலாளி, நிலாவெளி

முதலில் அம்மா. கறுத்த தோலில் மெலனோமா அபூர்வம்தான். ஆனால் வரும்போது வெயில் படாத இடத்தையே தேடி வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. பாடகர் பொப் மார்லி 1981இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். அம்மாவை இந்த வாரமே காட்டுங்கள். முள் குத்தியது, ஆணி என்று சொல்லிச் சீவிப் பார்க்க வேண்டாம்.

வெயில் காரணமா இல்லையா என்பதை இன்று ஊகிக்க வேண்டியதில்லை, படித்தே சொல்லலாம். கழியூதாக் கதிர் டிஎன்ஏயில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். கலம் அதை வெட்டித் திருத்தும். திருத்தத் தவறிய இடத்தில் சி என்பது டி ஆகும், சில இடங்களில் சிசி என்ற சோடியே டிடி ஆகும். இந்தச் சோடி மாற்றம் வெயில் வைத்த கைநாட்டு. ஒரு மெலனோமாவின் டிஎன்ஏயை முதன்முதலாக முழுவதும் படித்தபோது 33,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் எண்ணப்பட்டன, அவற்றில் பெரும்பங்கு இந்தக் கைநாட்டுத்தான். உள்ளங்கால் மெலனோமாவில் அது அரிது. அங்கே எழுத்து மாறுவதை விட நிறமூர்த்தத் துண்டுகளே உடைந்து, இரட்டித்து, இடம் மாறிக் கிடக்கும். பெயர் ஒன்றானாலும் கட்டி வந்த வழி வேறு.

நகத்தில் கறுப்பு என்றால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கறுப்பின் அடி விளிம்புக்கு நேரே நகத்தின் மேல் அரத்தால் மெல்லிய கோடு போடுங்கள். கால்நகம் மாதத்துக்கு ஒன்று ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும், ஆகையால் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அடிபட்ட இரத்தக்கட்டு கோட்டோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும். கோடு நகர்ந்து கறுப்பு அடியிலேயே நின்றால் கிளினிக். பல விரல்களில் மெல்லிய கபிலக் கோடுகள் இருப்பது நம் தோலில் சாதாரணம். ஒரே விரலில், மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அகன்று, நகத்தைத் தாண்டித் தோலுக்கும் பரவினால் இரண்டு மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

உங்களுக்கு: தோலுக்கு நிறம் தரும் மெலனின் நல்ல காவல், ஆனால் கண்ணுக்கும் உதட்டுக்கும் அது போதாது. திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற தொப்பியும் நீளக் கைச் சட்டையும் போதும்.

அப்பாவின் காலில் பல வருடத்துக்கு முந்திய எரிகாயத் தழும்பு. ஆறு மாதமாக அதில் ஒரு புண், ஆறுவதில்லை. சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து வைக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஈச்சிலம்பற்று

வைக்காதீர்கள். அது தோலை எரித்து இன்னொரு புண்ணை உண்டாக்கும். காயமே நேர்வாளத்தின் வேலையைச் செய்யும் என்று மேலே எழுதினோம். மனிதரில் அதற்குச் சாட்சி எரிகாயத் தழும்பில் வரும் புற்றுத்தான். 1828இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் மார்ஜோலின் புண் என்பார்கள். பெரும்பாலும் பல பத்து வருடம் கழித்தே தலைகாட்டும். தழும்பு விரிந்து, பிளந்து, ஆறி, மறுபடி பிளக்கிறது. ஒவ்வொரு முறையும் கலங்கள் பெருகித்தான் அந்த இடத்தை மூட வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த தழும்புக்குள் நிர்ப்பீடனக் கலங்களும் எளிதில் வருவதில்லை. இந்தியாவில் வேட்டியும் பாவாடை நாடாவும் வருடக்கணக்கில் இடுப்பில் உராயும் இடத்திலும் இதே வகைப் புற்று பதிவாகியிருக்கிறது. சாரத்தை இறுக்கிக் கட்டுபவர்களும் இடுப்பில் ஆறாத கோடு இருந்தால் கவனிக்க வேண்டும்.

புண்ணின் ஓரம் தடித்து வெளிப்புறம் மடிகிறதா, நாற்றம் உண்டா, தொட்டால் இரத்தம் கசிகிறதா, தொடையிடுக்கில் நெறிகட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் மூன்று மாதம் ஆறாத புண்ணிலிருந்து துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் எடுத்தால் செத்த இழையம்தான் வரும், அறிக்கையும் புற்று இல்லை என்று பொய் சொல்லும்.

சிறு சத்திரசிகிச்சை அறையில் பணி. அனுப்பும் தோல் மாதிரிகள் சில வேளை "சோதிக்க முடியவில்லை" என்று திரும்புகின்றன. எங்கே பிழைக்கிறது?
– தாதி, மூதூர்

பெரும்பாலும் போத்தலில். பத்து வீதப் போமலின், துண்டின் கன அளவைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். போமலின் முடிந்துவிட்டது என்று சேலைனில் போட்டால் கலங்கள் அழுகத் தொடங்கும், பிறகு போமலினுக்கு மாற்றியும் பயனில்லை. ஒடுங்கிய வாய்ப் போத்தலுக்குள் திணித்த துண்டு, உள்ளே விறைத்த பின் வெளியே வராது. பெயர்த்துண்டை மூடியில் ஒட்டாமல் போத்தலில் ஒட்டுங்கள். ஆய்வுகூடத்தில் பத்து மூடிகளை ஒன்றாகத்தான் கழற்றி வைப்பார்கள்.

அடுத்தது இடுக்கி. பல்லுள்ள இடுக்கியால் நடுவில் பிடித்தால் கலங்கள் நசுங்கி நீலக் கோடுகளாகத்தான் தெரியும். ஓரத்துக் கொழுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். சாதாரணத் தடிப்புக்கு நான்கு மில்லிமீற்றர்த் துளைகருவி போதும். மெலனோமா என்ற சந்தேகம் இருந்தால் வைத்தியர் இரண்டு மில்லிமீற்றர் ஓரம் விட்டு முழுவதையும் எடுப்பதே முறை. மேலாகச் சீவினால் ஆழம் போய்விடும். 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் காட்டியபடி, மில்லிமீற்றரில் அளக்கும் அந்த ஆழத்தை வைத்துத்தான் பின்னர் எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது என்று தீர்மானிப்பார்கள்: ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் ஒரு சென்ரிமீற்றர் ஓரம், இரண்டுக்கு மேல் என்றால் இரண்டு சென்ரிமீற்றர். பன்னிரண்டு மணித் திசையில் ஒரு தையல் நூல் விட்டு, படிவத்திலும் அதை எழுதிவிடுங்கள்.

ஜீன் பரிசோதனைக்குப் போகும் மாதிரி என்றால் நாட்கணக்கில் போமலினில் ஊறவிடாதீர்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். நீண்ட ஊறலும் டிஎன்ஏயில் சியை டியாக மாற்றிக் காட்டும், வெயிலின் கைநாட்டைப் போலவே. போத்தல் செய்த மாற்றத்தை நோயாளியின் தலையில் கட்டிவிடக் கூடாது.

பெரியப்பாவுக்கு மெலனோமா பரவி, சென்னையில் பிராஃப் மாத்திரை தொடங்கினார்கள். கட்டிகள் சுருங்கிவிட்டன. ஆனால் மூன்றாம் மாதம் முன்னங்கையில் புதிதாக ஒரு தடிப்பு. மருந்தே புற்றை உண்டாக்குகிறதா?
– வாசகி, உப்புவெளி

கேட்க விசித்திரமாக இருந்தாலும், கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் பயப்பட வேண்டிய அளவு இல்லை. அந்த வகை மாத்திரையான வெமுராஃபெனிப் 2011இல் பாவனைக்கு வந்தது. எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில வாரங்களிலேயே மெலனோமா அல்லாத வேறொரு தோல் கட்டி முளைத்தது. செதிற்கலப் புற்று என்பார்கள், பொதுவாகப் பரவும் குணம் குறைந்தது. அந்தக் கட்டிகளை எடுத்துப் படித்தபோது, 2012இல் வெளியான ஆய்வில், அறுபது வீதத்தில் ராஸ் ஜீன் மாறியிருந்தது. அவற்றில் அதிகம் கண்டது எச்-ராஸின் 61ஆவது இடத்து மாற்றம். எலி முதுகில் பார்த்த அதே இடம்.

பிராஃப் மாறிய கலத்தில் இந்த மாத்திரை பெருக்கக் கட்டளையை அடைக்கிறது. பிராஃப் மாறாமல் ராஸ் மாறிய கலத்தில் அதே மாத்திரை அந்தக் கட்டளையை இன்னும் உரக்கச் சொல்கிறது. பெரியப்பாவின் கையில் எப்போதோ வெயிலால் மாறி, வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஏதோ ஒரு கலத்துக்கு மாத்திரை நேர்வாளமாகியிருக்கக்கூடும்.

அதனால்தான் இப்போது, அதே கட்டளையை இன்னொரு படியில் அடைக்கும் மெக் தடுப்பான் என்ற இரண்டாவது மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டப்ராஃபெனிப்பும் ட்ரமெட்டினிப்பும் சேர்ந்த சோடி 2014இலிருந்து பாவனையில் இருக்கிறது. அதனால் இந்தத் தடிப்புகள் நன்றாகக் குறைந்தன. மெலனோமா மருந்துக்கு அடங்காமல் திரும்புவதும் தள்ளிப்போகிறது. பெரியப்பா ஒரே மாத்திரையில் இருக்கிறாரா, சோடியிலா என்று சிட்டையைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்னங்கைத் தடிப்பை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் போதும், மருந்து தொடரலாம். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உச்சந்தலை, காதின் பின்புறம், விரலிடுக்குகள் உட்பட முழுத் தோலையும் யாராவது பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் அதையும் சொல்லுங்கள், அந்தச் சோடி மாத்திரைக்கு அது அடிக்கடி வரும் பக்கவிளைவு.